கரண்ட் வைக்கும்போது எத்தனை ஹெர்ட்ஸ்? வலிக்கு ஒரு கணக்கு, தசைக்கு ஒரு கணக்கு, நரம்பு அறுந்திருந்தா வேற கணக்கு

பிசியோதெரபி முடிச்சிட்டு புதுசா க்ளினிக்ல உட்கார்ற பசங்களும் சரி, வீட்டுல அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சின்ன மிஷின் வாங்கி வெச்சிருக்கிறவங்களும் சரி, முதல்ல கேக்குறது "எத்தனை ஹெர்ட்ஸ் வைக்கணும்"ங்கிறதுதான். அதுக்கு பதில் சொல்றதுக்கு முன்னாடி நான் திருப்பிக் கேக்குறது, இந்த கரண்ட் எதுக்கு வைக்கிறீங்க? வலி குறையணுமா, தசை பலமாகணுமா, பக்கவாதத்துல தொங்கிப்போன பாதம் நடக்கும்போது தூக்கணுமா, இல்ல நரம்பே அடிபட்டுப் போன தசையா? இந்த நாலுக்கும் நம்பர் வேற வேற. ஒண்ணுக்கு வைக்கிறதை இன்னொண்ணுக்கு வெச்சா பெரிய ஆபத்து வராம கூட போகலாம், ஆனா 20 நிமிஷம் பேஷண்ட் படுத்திருந்துட்டு காசு கொடுத்துட்டு பிரயோஜனம் இல்லாம வீட்டுக்குப் போவார், அதுதான் எனக்கு மனசு கேக்காத விஷயம்.

முதல்ல அடிப்படையை ஒரு தடவை சொல்லிடறேன். 1 ஹெர்ட்ஸ்னா செகண்டுக்கு ஒரு பல்ஸ். 4 ஹெர்ட்ஸ்னா ரெண்டு பல்ஸுக்கு நடுவுல கால் செகண்ட், அதாவது 250 மில்லிசெகண்ட் இடைவெளி, 50 ஹெர்ட்ஸ்னா 20 மில்லிசெகண்ட், 100 ஹெர்ட்ஸ்னா 10 மில்லிசெகண்ட். ஒவ்வொரு பல்ஸும் தொட்ட நரம்பு இழையை ஒரு தடவை எழுப்பும். அப்போ ஹெர்ட்ஸ்ங்கிறது அந்த நரம்பு செகண்டுக்கு எத்தனை தடவை சேதி அனுப்புதுன்னு முடிவு பண்ணுது, எத்தனை நரம்பு இழை சேர்ந்து எழும்புதுன்னு முடிவு பண்றது பல்ஸோட அகலமும் (ஒரு பல்ஸ் எவ்வளவு நேரம் நீடிக்குதுங்கிறது) மில்லிஆம்பியரும் (கரண்ட்டோட பலம், இன்டென்சிட்டின்னு சொல்றதும் இதைத்தான்). இந்த ஒரு வித்தியாசம் மனசுல பதிஞ்சா பாதி குழப்பம் போயிடும், ஏன்னா நிறைய பேர் தசை சரியா சுருங்கலைன்னா ஹெர்ட்ஸை ஏத்திக்கிட்டே போவாங்க, 50ல இருந்து 80, 80ல இருந்து 100, அப்பவும் தசை பெரிசா ஒண்ணும் பண்ணாது, சீக்கிரமா களைச்சு மட்டும் போகும். அங்க ஏத்த வேண்டியது மில்லிஆம்பியர், இல்லன்னா பல்ஸ் அகலம், அதுவும் இல்லன்னா தோல்ல ஒட்டின பேடையே ஒரு விரல் அளவு நகர்த்தி மோட்டார் பாயிண்ட் (நரம்பு தசைக்குள்ள நுழையற இடம்) மேல வைக்கணும்.

வலியில இருந்து ஆரம்பிப்போம், க்ளினிக்ல பாதி கூட்டம் அதுக்குத்தான். வலிக்கு வைக்கிற டென்ஸ்ல (தோல் வழியா நரம்புக்கு கரண்ட் கொடுக்கிற முறை) ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு அதிக ஹெர்ட்ஸ், 80ல இருந்து 120 வரைக்கும், பல்ஸ் அகலம் 50ல இருந்து 100 மைக்ரோசெகண்ட், தசை துடிக்கக்கூடாது, விறுவிறுன்னு எறும்பு ஊர்ற மாதிரி நல்லா வலுவா தெரியணும், ஆனா வலிக்கக்கூடாது. 1965ல மெல்சாக்கும் வாலும் சொன்ன கேட் கண்ட்ரோல் தியரிதான் இதுக்கு அடிப்படை, தொடு உணர்ச்சியைக் கொண்டு போற தடிமனான நரம்பு இழைகள் சுறுசுறுப்பா சேதி அனுப்பிட்டே இருந்தா தண்டுவடத்துலயே வலியோட சேதி அடங்கிப்போகும்னு. ரெண்டு வருஷம் கழிச்சு 1967ல வாலும் ஸ்வீட்டும் சேர்ந்து பேஷண்ட்டுங்க நரம்புக்கு கரண்ட் கொடுத்துப் பார்த்தாங்க, அவங்க வெச்சதும் 100 ஹெர்ட்ஸ் பக்கம்தான். இது வெச்ச உடனே கேக்கும், எடுத்த கொஞ்ச நேரத்துல வலி திரும்பவும் வரலாம், அதனால நடக்கும்போதோ எக்சர்சைஸ் பண்ணும்போதோ மாட்டி விட்டா பேஷண்ட் வலி கம்மியா இருக்கிற அந்த நேரத்துல முட்டியை மடக்கி நீட்டிடுவார், அதுதான் லாபம்.

இன்னொரு வழி குறைஞ்ச ஹெர்ட்ஸ், 2ல இருந்து 4, பல்ஸ் அகலம் 200 மைக்ரோசெகண்ட் பக்கம், இதுல தசை டப் டப்னு கண்ணுக்குத் தெரியற மாதிரி துடிக்கணும். உடம்பு தானே சுரக்கிற எண்டார்ஃபின் வகை மூலமா வேலை செய்யுது, கேக்குறதுக்கு அரை மணி நேரம் எடுக்கும், ஆனா எடுத்ததுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் நிக்கும். நாள்பட்ட முதுகு வலி, தோள் வலிக்கு நல்லா பொறுத்துக்குவாங்க. நேத்து ஆபரேஷன் பண்ணின இடத்துக்குப் பக்கத்துல, புதுசா சுளுக்கின கணுக்கால்ல இதை வைக்காதீங்க, ஒவ்வொரு துடிப்புக்கும் அடிபட்ட இடம் குலுங்கும். முக்கியமான இன்னொண்ணு, ரொம்ப நாளா மார்ஃபின் மாதிரி ஓபியாய்டு மாத்திரை சாப்பிடறவங்களுக்கு குறைஞ்ச ஹெர்ட்ஸ் சரியா வேலை செய்யாது. அந்த மாத்திரை உட்கார்ற அதே மியூ ரிசெப்டர் (நரம்புல மருந்து போய் ஒட்டுற ஒரு வகை இடம்) வழியாத்தான் இதுவும் போகுது, அங்க ஏற்கனவே பழகிப்போயிருக்கும். அதிக ஹெர்ட்ஸ் டெல்ட்டாங்கிற வேற ரிசெப்டர் வழியா போறதால அவங்களுக்கு அதையே வைங்க. கேன்சர் வலிக்கு பேஷண்ட் வந்தா மருந்துச் சீட்டை வாங்கிப் பார்க்கணும்னு நான் திரும்பத் திரும்ப சொல்றது இதுக்காகத்தான் (கட்டி இருக்கிற இடத்து மேல பேட் கூடாதுங்கிறது தனி விஷயம்).

தினமும் அதே நம்பர், அதே இடம்னு வெச்சிட்டே இருந்தா கொஞ்ச நாள்ல "முன்ன மாதிரி கேக்கலைங்க"ன்னு சொல்லுவாங்க, உடம்பு பழகிடுது. அதுக்கு மிஷின்ல மாடுலேஷன்னு இருக்கும், ஹெர்ட்ஸை தானா ஏத்தி இறக்கும், அதைப் போடுங்க, இல்லன்னா ஒரு நாள் 100, ஒரு நாள் 4ன்னு மாத்துங்க. பர்ஸ்ட்னு ஒரு மோட் இருக்கும், உள்ளுக்குள்ள 100 ஹெர்ட்ஸ் பல்ஸ் ஒரு கொத்தா, அந்தக் கொத்து செகண்டுக்கு 2 தடவை, 4 ஹெர்ட்ஸ் துடிப்பை தாங்காதவங்க இதை தாங்கிக்குவாங்க. ஆனா எந்த ஹெர்ட்ஸா இருந்தாலும் வலிக்கு டென்ஸ் கேக்குமா கேக்காதான்னு முடிவு பண்றதுல பெரிய பங்கு இன்டென்சிட்டிக்குத்தான். லேசா தெரியற அளவுல விட்டுட்டுப் போனா ஒண்ணும் ஆகாது. 5 நிமிஷம் கழிச்சு போய் "இப்ப எப்படித் தெரியுது"ன்னு கேட்டுட்டு, குறைஞ்சு போயிருந்தா ஏத்தி விடணும்.

இப்ப தசை. இங்கதான் எனக்கு சொல்றதுக்கு நிறைய இருக்கு.

ஒரு ஆரோக்கியமான நரம்புக்கு 1ல இருந்து 10 ஹெர்ட்ஸ்க்குள்ள கொடுத்தா தசை தனித்தனியா துடிக்கும். 15, 20 பக்கம் போனா நடுங்கும், ஒரு துடிப்பு இறங்கறதுக்குள்ள அடுத்தது வந்துடுது. 30ஐ தாண்டினா ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து வழவழன்னு ஒரே இழுப்பா நிக்கும். முட்டி மேல கை வெச்சுப் பார்த்தாலே இது தெரியும், தொடைத் தசையில பேட் வெச்சு இன்டென்சிட்டியை மாத்தாம ஹெர்ட்ஸை மட்டும் 5ல இருந்து மெல்ல ஏத்திக்கிட்டே வாங்க, உள்ளங்கைக்கு அடியில முதல்ல தட்டுற மாதிரி இருக்கும், அப்புறம் அதிரும், அப்புறம் அந்த அதிர்வு காணாம போய் தசை கல்லு மாதிரி நிக்கும், அந்த இடம்தான் அந்த பேஷண்ட்டோட அந்த தசைக்கு ஆரம்ப ஹெர்ட்ஸ். எல்லாருக்கும் ஒரே நம்பர்ல வராது. கெண்டைக்காலுக்கு உள்ள இருக்கிற சோலியஸ் மாதிரி மெதுவான தசை குறைஞ்ச ஹெர்ட்ஸ்லயே சேர்ந்துடும், வேகமான தசைக்கு இன்னும் கொஞ்சம் வேணும். படிக்கிற பசங்க இதை தன் கால்லயே ஒரு தடவை வெச்சுப் பார்க்கணும், அப்பத்தான் பேஷண்ட் சொல்றது புரியும்.

அப்போ 30லயே நல்லா சுருங்குதே, ஏன் பலம் ஏத்தறதுக்கு 50, 75ன்னு சொல்றாங்கன்னு கேப்பீங்க. ஹெர்ட்ஸ் ஏற ஏற 50, 60 வரைக்கும் இழுவிசை ஏறும், அதுக்கு மேல போனா கொஞ்சம்தான். ஆனா களைப்பு வேகமா ஏறிக்கிட்டே போகும். ஏன்னா நாமளா தசையை சுருக்கும்போது மூளை எல்லா மோட்டார் யூனிட்டையும் (ஒரு நரம்பு இழையும் அது இயக்குற தசை நார்களும் சேர்ந்த கூட்டம்) ஒரே நேரத்துல கூப்பிடறதில்ல, சாமி சப்பரம் தூக்குறவங்க தோள் மாத்திக்கிற மாதிரி ஒரு கூட்டம் வேலை செய்யும்போது இன்னொரு கூட்டம் ஓய்வெடுக்கும். கரண்ட்ல அந்த மாத்தல் கிடையாது. பேடுக்குப் பக்கத்துல இருக்கிற அதே நரம்பு இழைகள், எல்லாம் ஒரே நேரத்துல, திரும்பத் திரும்ப. அதனால கரண்ட்ல வர்ற களைப்பு நாம சாதாரணமா எக்சர்சைஸ் பண்ணி வர்ற களைப்பை விட சீக்கிரம் வரும்.

அதனால பலத்துக்கு வைக்கிறப்போ நான் சொல்ற கணக்கு, 50 ஹெர்ட்ஸ், பல்ஸ் அகலம் 250ல இருந்து 400 மைக்ரோசெகண்ட், ஆன் 10 செகண்ட், ஆஃப் 50 செகண்ட், அதாவது ஒண்ணுக்கு அஞ்சு, தொடக்கத்துல 10 சுருக்கம் போதும். ரேம்ப் (கரண்ட் மெதுவா ஏறுற நேரம்) 2 செகண்ட் வைங்க, இல்லன்னா கரண்ட் திடீர்னு ஏறி பேஷண்ட்டுக்குத் தூக்கிப் போட்டுடும். முட்டி மாத்து ஆபரேஷன், ஏசிஎல் (முட்டிக்குள்ள இருக்கிற ஜவ்வு) ஆபரேஷன் முடிஞ்சு வர்றவங்களுக்குத்தான் இதுல பலன் நல்லா தெரியும், ஏன்னா ஆபரேஷனுக்கு அப்புறம் மூளையே தொடைத் தசையை முழுசா கூப்பிடாது, அவர் என்னதான் முக்கினாலும் தசை எழும்பாது, கரண்ட் நேரா நரம்பைத் தொடுறதால அந்தத் தடையைத் தாண்டிப் போகுது. முட்டி மாத்தினவங்களுக்கு 2012ல வெளிவந்த ஒரு ஆய்வுல ஆபரேஷன் முடிஞ்ச 48 மணி நேரத்துலயே ஆரம்பிச்சு, 50 ஹெர்ட்ஸ், 250 மைக்ரோசெகண்ட், 15 செகண்ட் ஆன், 45 செகண்ட் ஆஃப், தடவைக்கு 15 சுருக்கம், தினமும் ரெண்டு தடவை, 6 வாரம் பண்ணினாங்க, வெறும் எக்சர்சைஸ் பண்ணினவங்களை விட தொடை பலமும் நடையும் நல்லா வந்துச்சு. அவங்க பேஷண்ட் தாங்குற அதிகபட்ச இன்டென்சிட்டி வரைக்கும் ஏத்தினாங்கங்கிறதை கவனிக்கணும். நம்ம ஊர்ல 50 ஹெர்ட்ஸ் சரியா வெச்சிட்டு, தசை லேசா துடிச்சா போதும்னு விட்டுடறாங்க. பலம் ஏறணும்னா தசை நிஜமாவே கஷ்டப்பட்டு சுருங்கணும், முட்டியை 60 டிகிரி மடக்கி கால் அசையாத மாதிரி பெல்ட் போட்டு வெச்சு, பேஷண்ட்டையும் சேர்ந்து முக்கச் சொல்லி, "இதுக்கு மேல முடியாதுங்க"ங்கிறதுக்கு ஒரு படி கீழ நிறுத்தணும்.

களைப்பை எப்படி கண்டுபிடிக்கிறதுன்னா ரொம்ப சுலபம். பெல்ட் போடாம வைக்கிறப்போ முதல் சுருக்கத்துல குதிகால் கட்டில்ல இருந்து எவ்வளவு எழும்புச்சுன்னு பாருங்க, ஆறாவது ஏழாவது சுருக்கத்துல திரும்பவும் பாருங்க. பாதி கூட எழும்பலைன்னா தசை ஓஞ்சுபோச்சுன்னு அர்த்தம். அந்த நேரத்துல கை நேரா மில்லிஆம்பியர் குமிழுக்குப் போகும், போக விடாதீங்க. ஆஃப் நேரத்தை நீட்டுங்க, இல்ல ஹெர்ட்ஸை 50ல இருந்து 35க்கு இறக்குங்க. படுக்கையில ரொம்ப நாள் கிடந்து தசை வத்தினவங்க, வயசானவங்க, இவங்களுக்கு நான் 30, 35லயே ஆரம்பிக்கச் சொல்லுவேன், ரெண்டு வாரம் போனதும் ஒண்ணுக்கு அஞ்சை ஒண்ணுக்கு மூணாக்கி ஹெர்ட்ஸை 50க்கு ஏத்தலாம். வீக்கம் வடியறதுக்கு தசையை பம்ப் மாதிரி பயன்படுத்தறப்போ பலம் தேவையில்லை, 35 ஹெர்ட்ஸ்ல மிதமான சுருக்கம், ஆன் 5 ஆஃப் 5, காலை உயர்த்தி வெச்சு, அவ்வளவுதான்.

சும்மா ஒரு தகவல், 1969ல சால்மன்ஸும் வர்போவாவும் முயல் கால்ல வேகமான தசைக்கு 10 ஹெர்ட்ஸ்ல வாரக்கணக்குல விடாம கொடுத்துப் பார்த்தப்போ அந்த தசையே மெதுவா வேலை செய்யற, களைக்காத ரகமா மாற ஆரம்பிச்சுது. நாம அரை மணி நேரம் வைக்கிறதுல அந்த அளவுக்கு நடக்காது. ஆனா நரம்பு எந்த ஹெர்ட்ஸ்ல பேசுதோ அதுக்கேத்த மாதிரி தசை தன்னை மாத்திக்குதுன்னு அந்த வேலைதான் காட்டுச்சு, எனக்கு இந்த விஷயம் இன்னைக்கும் ஆச்சரியமா இருக்கும்.

பக்கவாதத்துல பாதம் தொங்குறதுக்கு எஃப்இஎஸ், அதாவது நடக்கிற மாதிரி ஒரு வேலையைச் செய்யும்போதே கரண்ட்டால தசையை இயக்கறது. 1961ல லிபர்சன் குதிகால்ல ஒரு சுவிட்ச் வெச்சு, குதிகால் தரையை விட்டு எழும்பினதும் முட்டிக்கு வெளிப்பக்கம் போற பெரோனியல் நரம்புக்கு கரண்ட் போய் பாதம் தூக்கற மாதிரி பண்ணினார், இன்னைக்கு இருக்கிற விலை உயர்ந்த கருவிகளும் அடிப்படையில அதேதான். இதுல 30ல இருந்து 40 ஹெர்ட்ஸ் வைங்க, அதுக்கு மேல வேண்டாம், ஏன்னா இவர் ஒவ்வொரு அடிக்கும் இந்த சுருக்கத்தை நம்பி நடக்கப் போறார், 10 நிமிஷத்துல தசை களைச்சா தடுக்கி விழுவார். பாதம் வழவழன்னு தூக்கற குறைஞ்ச ஹெர்ட்ஸ் எதுவோ அதுதான் சரி. பாதம் ரொம்ப வெளிப்பக்கம் திரும்பினா அது ஹெர்ட்ஸ் பிரச்சினை இல்ல, முட்டிக்கு கீழ ஃபிபுலா தலைக்கிட்ட இருக்கிற பேடை கொஞ்சம் முன்பக்கம் டிபியாலிஸ் ஆன்டீரியர் பக்கம் நகர்த்துங்க. தோள் மூட்டு இறங்கினவங்களுக்கு சுப்ராஸ்பைனேட்டஸ், பின்பக்க டெல்டாய்டு மேல 30, 35 ஹெர்ட்ஸ், அதுவும் சீக்கிரமாவே ஆரம்பிச்சு, தசை பழகப் பழக நேரத்தை நீட்டிக்கிட்டே போகணும். தண்டுவடம் அடிபட்டு சைக்கிள் எஃப்இஎஸ் பண்றவங்களுக்கும் 30ல இருந்து 50க்குள்ளதான், ஆனா அடிபட்டது நெஞ்சு எலும்பு மட்டத்துல டி6 (தண்டுவடத்தோட ஆறாவது நெஞ்சுப் பகுதி) இல்ல அதுக்கு மேலன்னா பிபி திடீர்னு எகிறலாம், தலைவலி, முகம் சிவக்கறது, வேர்வைன்னு ஏதாவது சொன்னா உடனே நிறுத்தி நிமிர்த்தி உட்கார வைக்கணும்.

இவ்வளவு சொன்னதும் ஒரே நிபந்தனைக்கு உட்பட்டதுதான், தண்டுவடத்துல இருந்து தசைக்குப் போற நரம்பு உயிரோட இருக்கணும். பக்கவாதத்துல மூளையில அடிபட்டிருக்கு, கீழ நரம்பு நல்லா இருக்கு, அதனால வேலை செய்யும். இடுப்புல ஊசி போட்டு சயாட்டிக் நரம்பு அடிபட்டு பாதம் தொங்கினா, பைக் ஆக்சிடெண்ட்ல தோள்ல இருந்து கைக்கு வர்ற நரம்புக் கொத்து கிழிஞ்சிருந்தா, அங்க நீங்க 35 வெச்சாலும் 100 வெச்சாலும் தசை அசையாது. பார்க்கிறதுக்கு ரெண்டும் ஒரே மாதிரி தொங்குற பாதம்தான், உள்ளே இருக்கிற கதை வேற.

காரணம் ஹெர்ட்ஸ் இல்ல, பல்ஸ் அகலம். நல்ல நரம்பு உள்ள தசையோட க்ரோனாக்சி (தசையை எழுப்ப பல்ஸ் எவ்வளவு நீளம் வேணும்ங்கிறதுக்கான அளவுகோல்) 1 மில்லிசெகண்டுக்கும் குறைவு, அதாவது குட்டிப் பல்ஸே போதும். நரம்பு செத்துப்போனா தசை நாரை நேரடியா எழுப்பணும், அதுக்கு 10, 20 மில்லிசெகண்ட்னு நீளமான பல்ஸ் வேணும். நாம வைக்கிற 300 மைக்ரோசெகண்ட் அங்க தட்டுறதுக்கு முன்னாடியே முடிஞ்சு போயிடுது. அதனாலதான் ஃபாரடிக் (குட்டிக் குட்டிப் பல்ஸா போற கரண்ட்) கேக்காத இடத்துல கேல்வானிக் (நீளமான பல்ஸ் தர்ற கரண்ட்) வைக்கிறாங்க, 100 மில்லிசெகண்ட் பல்ஸ், நிமிஷத்துக்கு 30, ஹெர்ட்ஸ் கணக்குல பார்த்தா அரை ஹெர்ட்ஸ்தான். முக்கோண வடிவ பல்ஸ் இருந்தா அதை வைங்க, மெதுவா ஏறுற கரண்ட்டுக்கு பக்கத்துல இருக்கிற நல்ல நரம்பு பழகிக்கிட்டு பேசாம இருந்துடும், செத்த தசை மட்டும் சுருங்கும். நரம்பு எந்த நிலையில இருக்குன்னு தெரியணும்னா எஸ்டி கர்வ் (பல்ஸ் நீளத்தை மாத்தி மாத்தி, தசை அசைய எவ்வளவு கரண்ட் வேணும்னு பார்த்துப் போடுற வரைபடம்) போடுங்க, ஆனா அடிபட்ட மூணாவது நாள் போட்டா ஏமாத்திடும், அறுந்த நரம்போட கீழ்ப்பகுதி சிதைய நாள் எடுக்கும், அதுவரைக்கும் கரண்ட்டுக்கு பதில் சொல்லிட்டுத்தான் இருக்கும், 3 வாரம் கழிச்சுப் போடறதுதான் நம்பிக்கையானது.

கேல்வானிக் ஒரே திசையில ஓடுற கரண்ட், பேடுக்கு அடியில ரசாயனமா புண்ணு பண்ணும், அதனால பஞ்சு, துணி நல்லா நனைஞ்சிருக்கணும், உலோகம் தோல்ல படவே கூடாது, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை தூக்கிப் பாருங்க.

முகவாதத்துக்கு, அதான் பெல்ஸ் பால்சிக்கு, நம்ம ஊர்ல கிட்டத்தட்ட எல்லாருக்கும் கரண்ட் வைக்கிறாங்க, 30 சுருக்கம் ஒரு செட்டுன்னு 3 செட். இதைப் பத்தி மனசுல இருக்கிறதை சொல்லிடறேன். முகவாதத்துல முதல்ல வேலை செய்யறது மாத்திரை, 72 மணி நேரத்துக்குள்ள டாக்டர்கிட்ட போய் ப்ரெட்னிசோலோன் ஆரம்பிக்கிறதுதான் நரம்பு மீள்றதுக்கு நிரூபிக்கப்பட்ட வழி. அதை விட்டுட்டு ரெண்டு வாரம் கரண்ட் வெச்சுட்டு இருந்துட்டு அப்புறம் டாக்டர்கிட்ட போறவங்களைப் பார்த்தா வயித்தெரிச்சலா இருக்கும். பெரும்பாலானவங்களுக்கு தானாவே சரியாகும், கரண்ட் வெச்சதாலதான் சரியாச்சுன்னு சொல்றதுக்கு வலுவான ஆதாரம் இல்ல. முகத்துல ஃபாரடிக்கை 50, 100 ஹெர்ட்ஸ்ல பலமா வெச்சு எல்லா தசையையும் ஒட்டுமொத்தமா இழுத்தா, நரம்பு திரும்ப வளர்றப்போ சிரிச்சா கண்ணு மூடுற மாதிரி கோளாறு அதிகமாகுமோன்னு பயப்படற பிசியோக்கள் நிறைய, நானும் அந்தக் கட்சி. கண்ணாடி முன்னாடி உட்கார வெச்சு மெதுவா ஒவ்வொரு தசையா அசைக்கக் கத்துக்கொடுங்க, கண்ணுக்கு சொட்டு மருந்து, ராத்திரி கண்ணை மூடி டேப். கரண்ட் வெச்சே ஆகணும்னா ஒரு தசைக்கு ஒரு நேரத்துல, பேனா எலக்ட்ரோடுல, லேசா அசையற அளவுக்கு மேல போகாதீங்க.

இனி நாலாயிரம் ஹெர்ட்ஸ், ரெண்டாயிரத்தி ஐநூறு ஹெர்ட்ஸ்னு மிஷின்ல பார்த்து மிரள்றவங்களுக்கு. ஐஎஃப்டில (ரெண்டு கரண்ட்டை குறுக்கே விட்டு வலிக்கு வைக்கிற மிஷின்) ஒரு ஜோடி பேடுல 4000, இன்னொரு ஜோடியில 4100ன்னு வைங்க, ரெண்டும் உள்ள குறுக்கே சந்திக்கிற இடத்துல வித்தியாசம் 100 ஹெர்ட்ஸா உடம்புக்குத் தெரியும்ங்கிறதுதான் யோசனை, 1950கள்ல ஆஸ்திரியாவுல நெமெக் கொண்டு வந்தது. அதிக ஹெர்ட்ஸுக்கு தோல் எதிர்ப்பு குறைவு, அதனால சுருக்குன்னு குத்தாது, வயசானவங்க முட்டி வலிக்கு விரும்பி வெச்சுக்குவாங்க. பீட்டை (அந்த வித்தியாச ஹெர்ட்ஸை) 80ல இருந்து 100, 120க்கு வைங்க, ஸ்வீப் (அந்த நம்பரை மிஷின் தானா ஏத்தி இறக்கறது) போட்டு விடுங்க, போதும். வீக்கத்துக்கு இது, நாள்பட்ட வலிக்கு அதுன்னு மிஷின் புத்தகத்துல பெரிய பட்டியல் இருக்கும், ஆனா பீட்டை மாத்தி மாத்தி வெச்சுப் பார்த்த ஆய்வுகள்ல வலி குறையறதுல பெரிய வித்தியாசம் வரலை, அதனால அந்தப் பட்டியலை மனப்பாடம் பண்ணி நேரத்தை வீணாக்காதீங்க. ரஷ்யன் கரண்ட் 2500 ஹெர்ட்ஸ், ஆனா அது 10 மில்லிசெகண்ட் ஆன், 10 மில்லிசெகண்ட் ஆஃப்னு செகண்டுக்கு 50 கொத்தா வெட்டப்பட்டு வருது, தசைக்குத் தெரியறது அந்த 50தான். சோவியத் விளையாட்டு வீரர்களுக்கு வெச்சு 30, 40 சதவீதம் பலம் ஏறுச்சுன்னு கோட்ஸ் 1977ல மான்ட்ரியல்ல வந்து சொன்னார், மத்தவங்க பண்ணிப் பார்த்தப்போ அவ்வளவு வரலை. சாதாரண 50 ஹெர்ட்ஸ் பல்ஸ் கரண்ட்டும் அதே அளவு இழுவையைக் கொடுக்குது, ரஷ்யன் இல்லையேன்னு கவலைப்பட வேண்டாம்.

சிறுநீர் கசியறதுக்கு வைக்கிறதையும் தொட்டுட்டுப் போறேன், ஏன்னா பெண்கள் வெளிய கேக்கத் தயங்குறாங்க. இருமினா தும்மினா கசியறதுன்னா இடுப்புத் தளத் தசையை பலப்படுத்தணும், 35ல இருந்து 50 ஹெர்ட்ஸ். அவசரமா வந்து அடக்க முடியலைன்னா நரம்பை அமைதிப்படுத்தணும், 10 ஹெர்ட்ஸ் பக்கம். அவசரத்துக்கு கணுக்கால் உள்பக்கம் டிபியல் நரம்பு வழியாவும் வைக்கலாம், 20 ஹெர்ட்ஸ், 200 மைக்ரோசெகண்ட், 30 நிமிஷம், வாரம் ஒரு தடவை, 12 வாரம்.

பேட் ஒட்டறதுக்கு முன்னாடி தோலைப் பாருங்க. காலையில தேங்காய் எண்ணெயோ வலி தைலமோ தேய்ச்சுட்டு நேரா க்ளினிக்குக்கு வர்றவங்கதான் அதிகம், எண்ணெய் இருந்தா கரண்ட் ஒழுங்கா போகாது, ஒரு மூலையில மட்டும் குவிஞ்சு சுடும், அதை "ஹெர்ட்ஸ் ஒத்துக்கலை"ன்னு தப்பா நினைச்சு நம்பரை மாத்துவாங்க. சோப்பு போட்டுக் கழுவி துடைச்சிட்டு ஒட்டுங்க. சுகர் இருக்கிறவங்க பாதத்துல தொடுறது கூர்மையா மழுங்கலான்னு பிரிச்சுத் தெரியுதான்னு பரிசோதிக்காம எதுவும் வைக்காதீங்க, அவங்க "இன்னும் ஏத்துங்க, ஒண்ணும் தெரியலை"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க, தோல் வெந்து போகும். பேஸ்மேக்கர், ஐசிடி (இதயத் துடிப்பு தப்பினா ஷாக் கொடுக்கிற கருவி) வெச்சவங்களுக்கு கார்டியாலஜிஸ்ட் சொல்லாம கிட்டயே போகக்கூடாது. கழுத்து முன்பக்கம், நெஞ்சுக்குக் குறுக்கே, கண்ணு மேல, கேன்சர் கட்டி மேல, ரத்தக்கட்டி இருக்கிற கால்ல, கர்ப்பிணியோட வயிறு இடுப்புல வைக்கக்கூடாது.

வீட்டுல ஆன்லைன்ல வாங்கின மிஷின் வெச்சிருக்கிறவங்களுக்கு, அதுல மசாஜ், தட்டல், பிசையறதுன்னு படம் போட்டு பட்டன் இருக்கும், எத்தனை ஹெர்ட்ஸ்னே இருக்காது. வாங்கறப்போவே ஹெர்ட்ஸ், மைக்ரோசெகண்ட் ரெண்டையும் நம்பரா காட்டுற, தனித்தனியா மாத்த முடியற மாடலைப் பார்த்து வாங்குங்க, டென்ஸோட சேர்த்து ஆன் ஆஃப் நேரம் வைக்கிற வசதியும் இருந்தா தசைக்கும் ஆகும். உங்க பிசியோகிட்ட மிஷினை கையோட எடுத்துட்டுப் போய், பேட் ஒட்ட வேண்டிய இடத்தை தோல்ல பேனாவால குறிச்சு மொபைல்ல போட்டோ எடுத்துக்கோங்க, ஒரு துண்டுச் சீட்டுல ஹெர்ட்ஸ், மைக்ரோசெகண்ட், ஆன், ஆஃப், எத்தனை நிமிஷம்னு அஞ்சு நம்பரையும் எழுதி வாங்கி மிஷின் டப்பாவுக்குள்ளயே ஒட்டி வைங்க. மில்லிஆம்பியரை மட்டும் எழுத வேண்டாம், அது நாளுக்கு நாள் மாறும், பேட் பழசானா மாறும், ஒவ்வொரு தடவையும் சைபர்ல இருந்து ஆரம்பிச்சு அப்பா முகத்தைப் பார்த்துக்கிட்டே ஏத்துங்க.